பெட்டிக்குப் பூட்டு வந்த நாள்

1893 நவம்பர், செவ்வாய் இரவு.

சோறு இறங்கவில்லை. கம்பவுண்டர் ஞானமுத்துவின் குரல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியின் பழைய நோயாளிப் புத்தகங்களைக் கரையான் அரித்துவிட்டது. மிஞ்சியதைப் புதுப் புத்தகத்தில் ஏற்றி இரும்புப் பெட்டியில் பூட்டிவைக்கச் சொல்லி டாக்டர் துரை உத்தரவு. யார் கண்ணிலும் படக்கூடாதாம். கம்பவுண்டர் படிக்க, குமாஸ்தாவான நான் எழுதினேன். ஏலம் கூவுகிறவன்போல் படித்தார். ஜன்னலுக்கு வெளியே, தாழ்வாரத்தில், மருந்துக்கு வந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“மெதுவாப் படிங்க அய்யா, வெளிய ஜனங்க உக்காந்துகினு இருக்காங்க” என்றேன்.

“பேஜார் பண்ணாதய்யா, ஜல்தி எழுது!”

அடுத்த பெயரை இன்னும் உரக்கப் படித்தார். தறிக்காரர் வீட்டுப் பெண். மேகவியாதி, படுக்கையில் ஒட்டும் சீக்கு. புருஷனிடமிருந்து தொற்றியது. அவள் பெயரை இந்த நாட்குறிப்பில் எழுதமாட்டேன். அவளே வெளியில் இருந்தாள், பக்கத்தில் நாத்தனார்.

“எங்க அண்ணன் மேலயாடி பழி போட்டு எழுதி வச்சிருக்கிற?” என்று நாத்தனார் கத்தினாள்.

கம்பவுண்டர் சிரித்தார். வெற்றிலை எச்சில் புத்தகத்தில் தெறித்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு மேலே படித்தார்.

அந்தப் பெண் மருந்து வாங்காமலே போய்விட்டாள். கொண்டுவந்த சீசாவைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் துரை பூட்டை இழுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். நம்பிக்கையான ஆள் என்று சொல்லி, சாவியைக் கம்பவுண்டரிடம் கொடுத்தார்.