அவர் கணக்கில் யாரோட பணமோ

டிசம்பர் 5, வெள்ளி. ஆம்பூர்.

என் வீட்டுக்காரர் எத்தியோப்பியாவில் ஷூ கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்து இங்கே இருக்கிற அவர் பேங்க் கணக்கை நாங்க யாருமே தொடலைன்னு நினைச்சிருந்தேன். இன்னைக்கு பேங்க்கில் என்னைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரர் கணக்கை முடக்கிட்டாங்கம்மா. யாரையோ ஏமாத்தின பணம் இதுல வந்து போயிருக்கு. வடக்கே போலீஸ்ல கேஸ் ஆகியிருக்கு"ன்னாங்க.

வீட்டுக்கு வந்ததும் அவருக்குப் போன் போட்டேன். "உங்க ஏடிஎம் கார்டு யார்கிட்டங்க இருக்கு?"

"தோஸ்த் ஒருத்தன் கேட்டான். சும்மாதானே கெடக்குதுன்னு கார்டும், ஓடிபி வர்ற சிம்மும் குடுத்துட்டு வந்தேன். இப்போ கொஞ்ச நாளா அவன் போனே எடுக்கறதில்ல."

கிறிஸ்துமஸுக்கு வர டிக்கெட் எடுத்துட்டார். ஏர்போர்ட்லயே பிடிச்சிடுவாங்களோ?

"நான் வரட்டுமா, வேணாமா? நீயே சொல்லு"ன்னார்.

வராதீங்கன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ளே பாப்பா போனைப் பிடுங்கி, "அப்பா, சீக்கிரம் வாப்பா"ன்னுட்டா.

"வர்றேன்டா கண்ணு"ன்னார்.

நான் போனைத் திரும்ப வாங்கவே இல்லை.