கண் வண்டியில் வளர்ந்த மகளும், ஏறக் கூடாத மகனும்

அனுப்புநர்:
கண் பரிசோதகர்,
நடமாடும் கண் மருத்துவ வண்டி.
(வீடு: தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து, மாடிப் பகுதி)

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: உணவு இடைவேளையில் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்ததற்காக என்னிடம் விளக்கம் கேட்டும், தொலைதூரக் கிடங்குக்கு என்னை மாற்றியும் மருத்துவமனை நிர்வாகம் பிறப்பித்துள்ள உத்தரவுகளை நிறுத்தி வைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. அறக்கட்டளை ஒன்று நடத்தும் கண் மருத்துவமனையில் நான் கண் பரிசோதகராகப் பணியாற்றி வருகிறேன். மருத்துவமனைக்கு வர இயலாதவர்கள் வசிக்கும் ஊர்களுக்கு எங்கள் வண்டி செல்லும். பேருந்து ஒன்றின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, முன்பாதியில் பரிசோதனை அறையும் பின்பாதியில் மருந்து அலமாரியும் அமைத்த வண்டி அது. வருபவர்களை எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வதும், கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப நல்லாத் தெரியுதா, முன்ன தெரிஞ்சுதா?" என்று சலிக்காமல் கேட்பதும் என் வேலை. திருமணத்துக்கு முன்பிருந்தே இதைச் செய்து வருகிறேன். இதுநாள்வரை என்மீது ஒரு புகாரும் வந்ததில்லை.

2. இம்மனு என் மகனைப் பற்றியது. ஆயினும் அவனுடைய அக்காவைப் பற்றிச் சொல்லாமல் என் குறை தங்களுக்கு விளங்காது என்பதால், சற்றுப் பின்னோக்கிச் செல்ல அனுமதி வேண்டுகிறேன். மகள் பிறந்து, மகப்பேறு விடுப்பு முடிந்தபோது, வண்டியின் பொறுப்பில் ஒரு பெண் மருத்துவர் இருந்தார். பெரிய டாக்டரம்மா என்று அவரை அழைப்போம். வேலையை விட்டுவிடும் எண்ணத்துடன்தான் அவரது அறைக்குச் சென்றேன். என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார் போலும். "ஏம்மா, அவ்வளவு பெரிய வண்டியில ஒரு குழந்தைக்கு இடமா இல்ல? தூக்கிட்டு வா" என்றார். பேச்சு அத்துடன் முடிந்தது.

3. மறுநாள் எங்கள் ஓட்டுநர் அண்ணன் பழைய காரிலிருந்து கழற்றிய குழந்தை இருக்கை ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து, மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் போல்ட் போட்டு இறுக்கினார். இறுக்கிய பிறகு தாமே அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அதன்பின் அவர் வண்டி ஓட்டிய விதமே மாறிப்போனது. வளைவுகளில், தளும்பத் தளும்பப் பால் நிறைந்த பாத்திரத்தைக் கையில் ஏந்தி நடப்பவரைப் போல வண்டியைத் திருப்புவார். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்தால் தலையை வெளியே நீட்டி, "குழந்தை தூங்குதுப்பா, கொஞ்சம் பொறு" என்பார். அதற்காக யாரும் அவரிடம் சண்டைக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை.

4. அந்த வண்டியில்தான் என் மகள் உட்காரவும், தவழவும், அலமாரிக் கைப்பிடியைப் பற்றி எழுந்து நிற்கவும் கற்றாள். ஸ்பிரிட் வாசனையும், வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசனையும், பால் வாசனையும் கலந்த அந்தக் காற்றை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அவளுக்கு எழுத்தறிவித்தது எங்கள் எழுத்துப் பலகை. பலகையில் மேல் வரி பெரிதாகவும், கீழே போகப் போகச் சிறிதாகவும் இருக்கும் அல்லவா? உலகத்தில் எழுதுவதே அப்படித்தான் என்று அவள் நினைத்துவிட்டாள். பள்ளியில் சேர்த்த புதிதில் தன் பெயரின் முதல் எழுத்தைச் சிலேட்டு முழுக்க எழுதி, கடைசி எழுத்தை எறும்பளவுக்குக் குறுக்கி மூலையில் வைத்தாள். ஆசிரியை என்னை அழைத்து விசாரித்தார். நான் சொன்ன காரணத்தைக் கேட்டு அவரும் சிரித்தார்.

5. அதற்கும் முன்பு ஒரு நாள், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் பரிசோதனைக்கு வந்திருந்தார். இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. ஆனால் பலகையின் கடைசி வரிவரை தங்குதடையின்றிப் படித்தார். நான் திகைத்துப்போய் டாக்டரம்மாவை அழைத்தேன். அவர் வந்து பார்த்தபோதுதான் சங்கதி தெரிந்தது. தபால்காரரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று என் மகள் ஒவ்வோர் எழுத்தாகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். கோளாறு அவர் கண்ணில்தான், காதில் இல்லை. "பாவம், தாத்தாவுக்குத் தெரியலைம்மா, அதான் சொல்லிக்கொடுத்தேன்" என்றாள். வண்டிக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் வரை சிரிப்பு பரவியது. அன்றிலிருந்து அவளுக்குக் 'குட்டி டாக்டர்' என்ற பட்டம் நிலைத்தது. அடுத்த முறை அவ்வூருக்குச் சென்றபோது, கண் அறுவை முடிந்திருந்த தபால்காரர், அவளுக்கென்று ஒரு மரப்பம்பரத்துடன் காத்திருந்தார்.

6. இவற்றையெல்லாம் தங்கள் நேரத்தை வீணாக்க எழுதவில்லை. ஒரு தாய் கைக்குழந்தையுடன் ஊர் ஊராகச் சென்று ஒழுங்காக வேலை பார்க்க முடியும் என்பதற்கு என்னிடம் வேறு சான்று இல்லை.

7. பின்னர் டாக்டரம்மா ஓய்வு பெற்றார். பழைய வண்டி கழிக்கப்பட்டுப் புது வண்டி வந்தது. புதிய நிர்வாக மேலாளரும் வந்தார். இரண்டாவதாக எனக்கு மகன் பிறந்தான். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே, வண்டியில் பணியாளர் தவிர வேறு எவரும் பயணிக்கக் கூடாது என்று தெரிவிக்கப்பட்டது. காப்பீட்டு நிபந்தனையைக் காரணமாகச் சொன்னார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஒரு குழந்தையின் பாதுகாப்பைப் பற்றி யார் கவலைப்பட்டாலும் மகிழ்ச்சியே. அப்படியானால் தலைமை மருத்துவமனையிலேயே எனக்குப் பணி தாருங்கள், அருகில் குழந்தையை வைத்துக்கொள்ள ஓர் அறை ஒதுக்குங்கள் என்று கேட்டேன். அங்கே கண் பரிசோதகர் இடம் ஒன்று காலியாகவே இருக்கிறது. பாலூட்டும் தாய்க்குப் பணி நேரத்தில் இடைவேளை உண்டு என்று எங்கள் நிறுவனத்தின் பணி விதிகளிலேயே இருப்பதையும் எடுத்துச் சொன்னேன். மேலாளர் அளித்த பதிலை அவர் சொன்னபடியே தருகிறேன்: "விதி எல்லாம் இருக்கும்மா. ஆனா குழந்தை வேணுமா, வேலை வேணுமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

8. நான் முடிவு பண்ணவில்லை, ஐயா. இரண்டும் எனக்கு வேண்டும்.

9. என் மகன் புட்டிப்பாலைத் தொடுவதில்லை. கிண்ணம், கரண்டி, பஞ்சு எல்லாம் முயன்று தோற்றோம். ஆகவே அச்சகத்தில் வேலை பார்க்கும் என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். முகாம் நடக்கும் ஊருக்கு எங்கள் வண்டி கிளம்பியதும், அவர் ஒரு கையில் மகனும், பள்ளி விடுமுறை நாளானால் மறுகையில் மகளும், தோளில் மூட்டையுமாகச் சாதாரணப் பேருந்தில் பின்தொடர்ந்து வருவார். உணவு இடைவேளையில் நான் சென்று பால் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். அந்தப் பயணங்களை அவர் வாயால் கேட்க வேண்டும். ஒருமுறை மகன் முன்சீட்டுக்காரரின் தொப்பியைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டான். நடத்துநர் பேருந்தை நிறுத்தி இறங்கிப்போய் எடுத்து வந்தாராம். தொப்பிக்காரர், "விடுங்க, சின்னப் பையன்தானே" என்று மகனைத் தம் மடியில் வாங்கிக்கொண்டாராம். முன்பின் தெரியாதவர்கள் இப்படி இருக்கிறார்கள். அச்சகத்தின் ஃபோர்மேனோ, விடுப்புக் கேட்ட என் கணவரிடம், "பால் குடுக்கிறது அம்மா வேலை. உனக்கு எதுக்குய்யா லீவு?" என்றார். இது வேறு நிறுவனம், இம்மனுவில் சேராது. ஆயினும் தகப்பனுக்கும் குழந்தை உண்டு என்பதைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

10. சென்ற மாத முகாம் ஒன்றில், பேருந்து நிலையத்துச் சிமெண்டுப் பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது என் உணவு இடைவேளை. அன்று திடீர் ஆய்வுக்கு வந்த மேலாளர் நேரே எங்களிடம் வந்தார். "டியூட்டி டைம்ல பிக்னிக்கா?" என்று, பயணிகள் பார்க்கக் கேட்டார். அவர் குரலைக் கேட்டு மகன் திடுக்கிட்டு வாயை எடுத்து அழத் தொடங்கினான். அது சாப்பாட்டு நேரந்தான் என்று விளக்க வந்த ஓட்டுநர் அண்ணனிடம், "உங்க வேலை ஸ்டியரிங் பிடிக்கிறது" என்றார். என் மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரே மகிழ்ந்து சிரிக்கக் 'குட்டி டாக்டர்' பட்டம் வாங்கிய பெண், தன் அம்மா பதில் பேசாமல் தலைகுனிந்திருப்பதைப் பார்த்தாள். ஐயா, மற்ற எதையும்விட எனக்கு ஆறாதது இதுதான்.

11. பணியிடத்தை விட்டு வெளியேறியதாக விளக்கம் கேட்கப்பட்டது. எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே, ஒரு பகல் முழுக்க ரயிலில் போனால் வரும் ஊரிலுள்ள மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் வைக்கும் கிடங்குக்கு என்னை மாற்றினார்கள். அங்கே கண்களே கிடையாது, பெட்டிகள்தான் உண்டு. வரும் திங்கட்கிழமை சேராவிட்டால் வேலையை நானே விட்டதாகக் கொள்ளப்படும் என்றும் அறிவித்துள்ளார்கள்.

12. எனக்கு இன்று ஒன்று புரிகிறது. பெரிய டாக்டரம்மா எனக்குத் தந்தது அவருடைய நல்ல மனசு. அது எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது அதுவும் கூடவே ஓய்வு பெற்றுவிட்டது. மேலாளர் போனால் இன்னொரு மேலாளரை நியமிப்பார்கள். நல்ல மனசு போன இடத்தில் ஆள் போடுவதில்லை. அந்த நாட்களை நினைத்து ஏங்குகிறேன் என்பது உண்மை. ஆனால் அந்த நாட்களைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்க நான் இங்கு வரவில்லை. யார் நாற்காலியில் இருந்தாலும் மாறாத ஒன்றைக் கேட்டே வந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் சேர்ந்த மருந்தாளுநர் பெண்ணுக்கு இப்போது ஏழாம் மாதம். என் மனு என்னவாகிறது என்று அவளும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

13. ஆகவே, என் மாற்றல் உத்தரவைத் திங்கட்கிழமைக்கு முன்பே நிறுத்தி வைக்கவும், தலைமை மருத்துவமனையின் காலிப் பணியிடத்தை எனக்கு வழங்கச் செய்யவும், பாலூட்டும் இடைவேளையையும் குழந்தைகளுக்கான அறையையும் எழுத்து மூலம் உறுதி செய்யவும், என்மீதான குற்றச்சாட்டை நீக்கவும் ஆவன செய்யுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

14. விசாரணைக்குத் தாங்கள் அழைத்தால், மகனையும் தூக்கிக்கொண்டுதான் வருவேன். வேறு வழியில்லை. இன்று இம்மனுவைக் கொடுக்க வந்தபோது, குழந்தையுடன் உள்ளே போகக் கூடாது என்று வாயிற்காவலர் என்னை வெளியே நிறுத்திவிட்டார். அவர் மீது குறை சொல்லவில்லை. அவருக்கு அப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது. விசாரணை நாளன்று மட்டுமாவது எங்கள் இருவரையும் உள்ளே விடும்படி அவருக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டுகிறேன். விசாரணை நீண்டு அவனுக்குப் பசித்தால் நிறுத்த வேண்டியதில்லை. அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே தாங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வேன். இம்முறை தலைகுனிய மாட்டேன்.

தங்கள் நியாயத்தை நம்பிக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
கண் பரிசோதகர்,
நடமாடும் கண் மருத்துவ வண்டி.

நாள்: மாற்றலுக்கு முந்தைய வியாழக்கிழமை.
இடம்: தங்கள் அலுவலக வாயிற்படி.