பெயர் வருமுன் இருட்டு

அன்புள்ள அக்கா,

குழந்தைக்குக் கண்மை கூட்டலாம் என்று இன்று ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். கரி படியப் படிய எழுந்த வாசனையில் உங்கள் அடுக்களை என் முன்னால் வந்து நின்றுவிட்டது. இரண்டு நாளாக அவளுக்கு இருமல். முன்பானால் சுவரைத் தட்டி உங்களைக் கூப்பிட்டிருப்பேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தானே.

ஊமைப்படம் ஓடிய காலம் அது. பகலில் ரயில்வே பட்டறைக்கும் மாலையில் கொட்டகையில் படம் ஓட்டவும் போன உங்கள் வீட்டுக்காரர் கண்ணாடித் துண்டுகளைக் கொண்டுவருவார். விளக்குப் புகையில் அவற்றைக் கறுப்பாக்கி, படத்தின் பெயரை ஊசியால் கீறித் தமிழில் எழுதுவது உங்கள் வேலை. கீறிய இடத்தில் மட்டும் வெளிச்சம் புகுந்து பெயர் திரையில் விழும்.

ஒரு கண்ணாடி போதும் என்பார் கொட்டகை முதலாளி. நீங்கள் நான்கு செய்தீர்கள். ஒன்றில் வெறும் கோலப்புள்ளிகள். அடுத்ததில் புள்ளிகளைச் சுற்றி இழைகள். பிறகு அந்த இழைகளே எழுத்தாகிப் பெயர். இவற்றுக்கெல்லாம் முன்னால், ஒன்றுமே கீறாத முழுக் கறுப்பு.

"இது என்னாத்துக்குக்கா?"

"எல்லாரும் பாசார்ல நிக்கிற மாதிரி கத்திக்கிட்டே இருக்காங்கல்ல? கொஞ்சம் இருட்டக் காட்டுனாத்தான் கண்ணு பசிக்கும், காலேஜம்மா."

மெட்ராஸில் படித்துவிட்டு வந்ததால் உங்களுக்கு நான் காலேஜம்மா.

முதலாளி நேரிலேயே வந்து சொல்லிவிட்டார்: "வெளக்கு அவிஞ்சிருச்சுன்னு பெஞ்ச ஒடைப்பானுங்க லா. ஒரு ஆட்டம் பாக்குறேன். சத்தம் வந்துச்சுன்னா, அப்புறம் பேரு மட்டும் எழுதும்மா, போதும்." அன்று முழுவதும் உங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

பெண்கள் பெஞ்சில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். இருட்டு விழுந்தது. விசில் பறந்தது.

"டேய் ஆப்பரேட்டரு, தூங்கிட்டியா?"

"பொண்டாட்டிய வந்து எழுப்பச் சொல்லு!"

பிறகு புள்ளிகள் வந்தன. கச்சாங் பூத்தே கடலை விற்றவர்கூடக் கூவுவதை நிறுத்தினார். இழைகள் ஓடிப் பெயர் வந்தபோது கொட்டகையே சேர்ந்து அதை உரக்கப் படித்தது. படிக்கத் தெரியாதவர்களும் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொன்னார்கள். நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தீர்கள். "பாத்தியா, எழுப்பிட்டேன்."

அடுத்த படத்துக்காக அதே கண்ணாடிகளை நீங்களே துடைத்தபோது எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "வாசக் கோலத்த மடிச்சா வைக்கிறோம்?" என்று சிரித்தீர்கள்.

மலேரியாக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. உங்கள் வீட்டுக்காரரும் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். உங்களுடைய போட்டோ ஒன்றுகூட யாரிடமும் இல்லை. கைக்குழந்தையோடு முதலாளியிடம் போய், ஒரு கண்ணாடியாவது கொடுங்கள் என்று நின்றேன். அவர் பெட்டியையே திறந்து காட்டினார். "எல்லாம் தொடைச்சதும்மா. அவங்களே தொடைச்சுக் குடுத்தது."

இப்போது படங்கள் பேசுகின்றன, அக்கா. பெயர்களும் மெட்ராஸிலிருந்தே படச்சுருளோடு வந்துவிடுகின்றன, யார் எழுதியதோ! போன மாதம் மகளை முதல் தடவையாகக் கூட்டிக்கொண்டு போனேன். விளக்கை அணைத்ததும் அலறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இரும்மா," என்றேன். "பெரியம்மா எழுதிக்கிட்டு இருக்காங்க."

அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பித் திரையைப் பார்த்தாள்.