பூவரசு காத்த கல்யாணப் பந்தல்

மச்சான்,

இன்று காலை திருநின்றவூரில் என் வீட்டுக்குப் பக்கத்து மனையில் காய்ந்த புல்லைக் கொளுத்தினார்கள். புகை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நீ இருந்திருந்தால் நீயும் சேர்ந்து சிரித்திருப்பாய்.

திண்டுக்கல்லிலிருந்து வேலைக்கு வந்த எனக்கு ஆவடி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரன் நீ. நம் வீடுகளுக்குப் பின்னால், மேற்கே, ரயில் பாதை வரை பரந்த புல்வெளி. கரி எஞ்சின் கக்கிய பொறியோ, யாரோ எறிந்த பீடியோ, கோடைதோறும் அது பற்றிக்கொள்ளும். ஒரு வருஷம் என் வேலிப் படலும் உன் கோழிக்கூண்டும் சாம்பலாயின.

மழை வந்ததும் வரிசையாக மரம் வைப்போம் என்றாய். சவுக்கு வைக்கலாம், சீக்கிரம் வளரும், விறகுக்கும் ஆகும் என்றேன் நான்.

"இன்னா மாமே, வெறகுக்கு ஆவறது நெருப்புக்கும் ஆவும்ல? பூவரசு வெப்போம். எலயக் கிள்ளிப் பாரு, எப்டி ஈரமா கீது! அது லேசுல பத்திக்காது."

இதற்காக ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். கடைசியில் கோவில்பதாகையிலிருந்து நடுவதற்கு வெட்டிய பூவரசம் போத்துகளை நீயே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து நட்டாய். நான் முனகிக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன். நாலைந்து மழைக்காலத்தில் மரங்கள் அடர்ந்து நின்றன. அடியில் விழும் சருகை நீ கூட்டிக்கொண்டே இருப்பாய். "மரம் பாதி, தொடப்பம் பாதி" என்பாய்.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு வைகாசியில் என் கல்யாணம். மரங்களுக்கு இந்தப் பக்கம் தென்னங்கீற்றுப் பந்தல். நான் மாலையும் கழுத்துமாக மணையில் உட்கார்ந்திருக்கிறேன். "நெருப்பு! நெருப்பு!" என்று கூச்சல். மேல்காற்றில் புல்வெளியே சடசடவென்று எரிந்து வருகிறது. பெண்ணை இழுத்துக்கொண்டு பெண் வீட்டார் தெருவுக்கு ஓடினார்கள்.

"பந்தல் மேல தண்ணி அடிங்க!" என்று சமையல்காரர்களிடம் கத்திவிட்டு, ஒரு பூவரசங்கிளையை ஒடித்து என் கையில் திணித்தாய். "மாப்ளன்னா இன்னா? வந்து அடி மாமே!"

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். தீ மரவரிசை வரை சீறிக்கொண்டு வந்தது. முன்னால் இருந்த இலைகள் கருகிச் சுருண்டன. அவ்வளவுதான். கூட்டி வைத்த தரையில் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாமல் அங்கேயே அடங்கியது. ஓரமாகச் சுற்றி வரப் பார்த்ததை நாம் அடித்தே அணைத்தோம். தவில்காரருக்கு என்ன உற்சாகமோ, தாலி கட்டுமுன்பே கெட்டிமேளம் கொட்டிவிட்டார்! ஓடியவர்களெல்லாம் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

முகூர்த்தம் தவறவில்லை. கரி படிந்த விரலால் முடிச்சுப் போட்டேன். அவள் கழுத்தில் கறுப்பாய் ஒரு கோடு. துடைக்கப் போனேன்.

"வுடு மாமே, திருஷ்டிப் பொட்டு."

அவள் குனிந்த தலை நிமிராமல் குலுங்கிச் சிரித்தாள்.

அந்தச் சவுக்குப் பேச்சை நீ கடைசிவரை விடவில்லை. என் பிள்ளைகளிடம்கூடச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

இப்போதும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பின்பக்கம் ஒரு நடை போய், காற்று எந்தத் திசை, என்ன மரம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். மண்டபமெல்லாம் கான்கிரீட்டாகிவிட்ட காலத்தில் இது எதற்கு என்று என் மனைவி, நீ வாய் நிறையக் கூப்பிட்ட உன் தங்கச்சி, கேட்கிறாள். கேட்டுவிட்டு, அவளும் கூடவே எழுந்து வருகிறாள்.