அதிருமலை முகாமில் நான் எழுதிய ஐந்து எண்கள்

பாய்,

தாம்பரம் ஸ்டேஷனில் பெயர்ப்பலகைக்குப் புதிதாக மஞ்சள் அடித்திருக்கிறார்கள். நேற்றுக் காலை பீச் வண்டிக்காக நின்றபோது அந்தப் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. ஊர்ப்பெயரை மூன்று மொழியிலும் எழுதி முடித்துவிட்டார்கள். கடல் மட்டத்திலிருந்து இந்த இடம் எவ்வளவு உயரம் என்று அடியில் ஒரு சின்ன வரி இருக்குமே, அதை மட்டும் இன்னும் எழுதவில்லை. நீங்கள் இருந்திருந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போய் நியாயம் கேட்டிருப்பீர்கள். "ஊர் பேரு இன்னான்னு எல்லாருக்கும் தெரியும் சார். உயரம்தான் ஒருத்தனுக்கும் தெரியாது" என்பீர்கள்.

நீங்கள் மேற்குத் தாம்பரத்தில் பள்ளிக்கூடங்களுக்கு ஆய்வகச் சாமான் விற்றவர். நான் சேலையூரில் இயற்பியல் வாத்தியார். பீக்கர் வாங்க வந்த என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, பொதிகை மலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினீர்கள். பல்லாவரம் குன்றைத் தவிர வேறு மேட்டைப் பார்க்காத ஊரில் இப்படி ஒரு மலைப் பைத்தியமா என்று நினைத்துக்கொண்டேன். நம் வயதும் ஒன்றுதான். ஆனாலும் கடைசிவரை நீங்கள் எனக்குப் பாய், நான் உங்களுக்குச் சார்.

அந்த மலையை நீங்கள் பார்ப்பதற்கு முன்பே மனப்பாடம் செய்திருந்தீர்கள். கிழக்குச் சரிவில் தாமிரபரணி, மேற்கே கேரளத்துக்கு இறங்கும் ஆறுகள், அகத்தியர் சிலை நிற்கும் மொட்டைப் பாறை உச்சி. திருவிதாங்கூர் ராஜா காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் அந்த உச்சியில் ஆய்வுக்கூடம் கட்டிக் காற்றழுத்தம் அளந்த கதையைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறிவிடும். மேலே ஒருவர் அளக்கும் அதே நேரத்தில் கீழே திருவனந்தபுரத்திலும் ஒருவர் அளக்க வேண்டும். இரண்டு அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்துதான் மலையின் உயரம் வரும்; அப்போதுதான் கணக்கு நிற்கும். "பேரு வெள்ளைக்காரனுக்கு. குளிர்ல குந்திகினு அளவு பாத்து எழுதினவன் நம்மாளு சார். அவன் ஒரு வேளை தூங்கிட்டிருந்தா மொத்தமும் போச்சு" என்பீர்கள்.

அதையே நாமும் செய்து பார்க்கலாம் என்றீர்கள். இரண்டு காற்றழுத்தமானிகளைக் கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் ஒப்பிட்டோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு ஜனவரியில் வனத்துறையின் அனுமதிச் சீட்டு வாங்கி, திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறினோம். அங்கிருந்து மலையடிவாரத்துப் போணக்காடு; போணக்காட்டிலிருந்து நாள் முழுக்க நடை. உச்சிக்குக் கீழே இருக்கும் அதிருமலை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் கணுக்காலில் அட்டைகள் விருந்து சாப்பிட்டு முடித்திருந்தன.

மறுநாள் காலை வழிகாட்டியாக வந்த காணிப் பழங்குடிக்காரரோடு நீங்கள் உச்சிக்குக் கிளம்பினீர்கள். எனக்கு முகாமில் உட்கார்ந்த வேலை. ஒன்பது மணியிலிருந்து அரைமணிக்கு ஒரு தடவை முள்ளைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். "சார், காத்தழுத்தம் காலையில பத்து மணி வரைக்கும் ஏறும், அப்புறம் சாயங்காலம் வரைக்கும் இறங்கும். தெனமும் மூச்சு வுடுற மாதிரி. அதனால ஒண்ணுகூட வுட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நாலு கிளாஸ் படித்த கடைக்காரர் எனக்கே இயற்பியல் சொல்கிறாரே என்று உள்ளே கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பத்தரை வரை ஒழுங்காக எழுதினேன். பிறகு தூறல். சமையல்காரர் கூப்பிட்டுச் சூடாகக் கஞ்சி கொடுத்தார். அடுப்புப் பக்கம் சுவரில் சாய்ந்தேன். விழித்தபோது மணி ஒன்று ஆக ஐந்து நிமிடம். நீங்கள் உச்சியில் நின்று எழுதிய நேரம் முழுக்க நான் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

நான்கு கட்டங்கள் காலி. பத்தரை மணி எண்ணையே கடைசி இலக்கத்தில் லேசாக மாற்றி நான்கிலும் எழுதினேன். ஒரு மணிக்கு முள் நன்றாக இறங்கியிருந்தது. அப்படியே எழுதினால் திடீரென்று விழுந்த மாதிரி தெரிந்து மாட்டிக்கொள்வேன் என்று அதையும் கொஞ்சம் ஏற்றி எழுதினேன். பிள்ளைகள் செய்முறை நோட்டில் இதைச் செய்தால் கண்டுபிடித்துப் பக்கத்தையே கிழித்துப் போடுகிறவன் நான். அந்தத் தொழில் அனுபவம் எனக்கு அங்கே நன்றாகவே கைகொடுத்தது.

நாலு மணிக்கு நனைந்த கோழியாக வந்தீர்கள். கயிறு பிடித்துப் பாறையில் ஏறியதில் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தன. கையைக்கூடத் துடைக்காமல் என் நோட்டைத்தான் முதலில் வாங்கினீர்கள். "ஒண்ணும் வுடலியே சார், சூப்பர்" என்றீர்கள்.

கணக்குப் போட்டபோது உச்சி, புத்தகத்தில் இருப்பதைவிடப் பத்துப் பதினைந்து மீட்டர் உயரமாக வந்தது. கீழே நான் ஏற்றி எழுதிய அழுத்தம்தான் அந்த மீட்டர்கள். "இன்னா சார், மலை வளந்துகினு கீதா?" என்று சிரித்தீர்கள். அப்புறம் சிரிக்கவில்லை. உச்சியில் கை நடுங்கியதா, முள்ளைச் சாய்த்துப் பார்த்தேனா என்று பல நாள் உங்களையே குடைந்துகொண்டீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. எங்கள் பள்ளியில் பிள்ளைகளிடம் பேச உங்களைக் கூப்பிட்டேன். அந்தப் பயணத்தைச் சொல்லி முடித்து, "தப்பு மேல போன என்னுது. கீழ இருந்த உங்க சார் அரைமணிகூடத் தவறாம எழுதினாரு. எல்லாரும் அவருக்குக் கை தட்டுங்க" என்றீர்கள். முந்நூறு பிள்ளைகள் தட்டினார்கள். நான் எழுந்து வணக்கமும் சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து, என் தப்பை நானே சரிசெய்கிறேன் என்று வீங்கிய முட்டியோடு மறுபடி கிளம்பினீர்கள். எனக்குப் பரீட்சை வேலை என்று சாக்குச் சொல்லிவிட்டேன். கயிறு கட்டிய பாறைவரை போய், கால் மடங்காமல் திரும்பி வந்தீர்கள். அதற்குப் பிறகு கடைப்படிகூட உங்களுக்கு மலையாகிவிட்டது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். வாத்தியார் என்ற பெயர் கெட்டுவிடுமே என்று பயந்தேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

போன வருடம் மாரடைப்பில் நீங்கள் மௌத்தான அன்று பள்ளிவாசலுக்கு வெளியே நின்றிருந்தேன். தொழுகைக்கு முன்னால் உங்கள் பெரிய பையன், "எங்க அத்தா யாருக்காவது ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க" என்று கூட்டத்திடம் சொன்னது மைக்கில் கேட்டது. முடிந்ததும் செருப்புக்கூடப் போடாமல் நேராக என்னிடம் வந்தான்.

"சார், அத்தா ஆஸ்பத்திரில இருக்கும்போதே சொல்லிட்டாரு. அந்த மலைக் கணக்குல அவரால உங்க உழைப்பு வீணாப் போச்சாம். உங்ககிட்ட மட்டும் தனியா மன்னிப்பு கேக்கச் சொன்னாரு."

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் உங்களைத் தூக்க ஆட்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவனிடம் உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

"மன்னிச்சிட்டேன்ப்பா" என்றேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்களுக்குத் தோள் கொடுக்கப் போனான். அன்றிலிருந்து, பாய், உங்களை மன்னித்தவனாக இந்த ஊரில் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.