பெருங்காயப் பொட்டலம்

செம்மேடு,
18-4-1965

அன்புள்ள பொன்னம்மாள் அக்காவுக்கு,

அம்சவேணி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே சொல்.

கோதுமையை அடியோடு விட்டால் என் வயிறு தேறிவிடும் என்று சேலத்து டாக்டர் சொன்னார். ரேஷனில் அரிசி கிடைக்காமல் நம் வீட்டில் எல்லா வேளையும் கோதுமையாகிவிட்டது. அதனால்தானே, மாமாவுக்கு மிளகு கொண்டுவரும் செங்கோடன் வீட்டில், கோதுமையே ஏறாத இந்த மலையில் என்னை விட்டீர்கள்? இங்கே சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும்தான். அந்த மட்டில் டாக்டர் சொன்னபடியே நடக்கிறது.

ஆனால் வந்ததிலிருந்து தலை பிளக்கிறது. ஊரில் நிற்காமல் போய்க்கொண்டிருந்த வயிறு இங்கே ஒரேயடியாகக் கட்டிக்கொண்டது. தட்டினால் சத்தம் வருகிற மாதிரி உப்பியிருக்கிறது. காரணமில்லாமல் அழுகை வருகிறது. சப்பாத்தி கனவில் வருகிறது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. நல்லது செய்ய வேண்டிய பத்தியம் ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? டாக்டர் இதில் ஒன்றையும் சொல்லவில்லையே?

செங்கோடன் மனைவி ராக்கம்மாள் எனக்கென்று தனிச் சட்டியில் ஆக்குகிறாள். ஏன் தனிச் சட்டி என்று கேட்டேன். "உனக்குன்னு சொல்லியுட்டாங்க, உனக்குன்னு ஆக்கறேன் கண்ணு" என்று சிரித்தாள். சட்டியை இறக்குகிற சமயம் அதில் எதையோ உதிர்க்கிறாள். நான் பக்கத்தில் போனால் மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொள்கிறாள். நான் யார்மேலும் குற்றம் சொல்லவில்லை. பார்த்ததை எழுதினேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தேறிவிட வேண்டும். போன வருஷம் போல் பாதியில் படுத்துக்கொண்டால் தலைமையாசிரியை பெயரை அடித்துவிடுவார்.

உன் அன்புத் தங்கை,
அம்சவேணி


ராசிபுரம்,
27-4-1965

கண்ணு அம்சாவுக்கு,

அக்கா ஆசீர்வாதம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்து உட்கார்ந்துவிட்டேன். மலையில் சோற்றோடு வைக்கிற மருந்தைப் பற்றி நம் தெருவில் பேசாத வாய் இல்லை. அதைத் தின்ற பிள்ளை சொந்த வீட்டையே மறந்து அவர்கள் பின்னால் போய்விடுமாம். மாமா கேட்டுச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா இருந்திருந்தால் உன்னை அங்கே விட்டிருப்பாளா?

செங்கோடனிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். பிரித்திருக்கிறானா என்று முடிச்சைப் பார். உள்ளே நம் வீட்டுப் பட்டறையில் மாமா விற்பனைக்குப் பிசைகிற அதே பெருங்காயம், அவர் கையாலேயே பிசைந்தது. வேளாவேளைக்கு ஒரு சிட்டிகைக்கு இரண்டு சிட்டிகையாகவே மோரில் கரைத்துக் குடி. எப்பேர்ப்பட்ட வயிறும் இதற்கு அடங்கும். ராக்கம்மாளுக்குக் காட்டாதே. இதில் கோதுமை இருக்குமோ என்று யோசிக்காதே. நீயே எத்தனை தடவை பிசைந்திருக்கிறாய்? கலப்பில்லாத பால்காயம், அதோடு பிசின், மைதா. மைதாதான் குச்சிக்கிழங்கு மாவு, மரவள்ளி மாவு ஆயிற்றே.

அக்கா,
பொன்னம்மாள்


செம்மேடு,
8-5-1965

அன்புள்ள அக்காவுக்கு,

முடிச்சு உன் முடிச்சுதான். பொட்டலத்தை என் டிரங்குப் பெட்டியில், பூகோளப் புத்தகத்தின் அடியில் வைத்திருக்கிறேன். உன் கடிதத்திலும் நம் வீட்டுப் பெருங்காய வாசனை. நீ பசை தடவி ஒட்டிய ஓரத்தில் வெள்ளையாக மாவுகூட இருந்தது. எடுத்து எடுத்து மோந்து பார்க்கிறேன்.

சந்தேகம் வலுத்துவிட்டது அக்கா. பொட்டலம் வருவதற்குச் சற்று முன்னால் நான் தேறியிருந்தேன். தலைவலி விட்டது, வயிறு இளகியது, சாமைகூட ருசித்தது. இப்போது மறுபடி ஊரில் இருந்த பழைய கதை. ஒரு நாளில் எத்தனை முறை காட்டுப் பக்கம் ஓடுகிறேன் என்று எழுத முடியாது. வாயெல்லாம் புண். தேறவிட்டு, நம்பவைத்து, பிறகு ராக்கம்மாள் மருந்தைக் கொடுக்கிறாளோ?

அதனால் ஒரு சோதனை செய்தேன். என் சோற்றில் முதல் கவளத்தைக் கோழிக்குப் போட்டுவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ராக்கம்மாள் நின்றதைக் கவனிக்கவில்லை.

"கோழி செத்துப்போச்சா கண்ணு?" என்றாள்.

நான் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"இன்னொரு உருண்டை போட்டுப் பாரு. அது கெட்டிக் கோழி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. குற்றம் செய்தவள் பேசாமலிருப்பாளா, செய்யாதவள் பேசாமலிருப்பாளா? புத்தகத்தில் படித்த எதிலும் இதற்கு விடையில்லை. மோர் மட்டும் தவறாமல் குடிக்கிறேன்.

அம்சவேணி


ராசிபுரம்,
15-5-1965

கண்ணு,

இனி அங்கே நீ இருக்க வேண்டாம். கையிலிருக்கும் பெருங்காயச் சரக்கை முடித்துக் கொடுத்துவிட்டு அமாவாசை கழிந்ததும் மாமா முள்ளுக்குறிச்சி வரை பஸ்ஸில் வந்து மலையேறுவார். பெட்டியைக் கட்டி வை. அதுவரை அவள் கையால் எதுவும் வாங்கித் தின்னாதே. மோரே போதும். இன்னொரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், கஞ்சத்தனம் பண்ணாமல் போட்டுக் குடி.

பொன்னம்மாள்


செம்மேடு,
25-5-1965

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நீ கோபப்படாமல் கடைசிவரை படிக்க வேண்டும்.

நீ சொன்னபடி சோறு வேண்டாம் என்றேன். ராக்கம்மாள் என் தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "எங்கூட்டுச் சோத்துல நஞ்சு இருக்குதுன்னா ரெண்டு பேருமே போயிச் சேருவோம், வா சாமி" என்று ஒரு கவளம் அவள் தின்று, ஒரு கவளம் எனக்கு நீட்டினாள். அன்றிலிருந்து ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறோம். அவள் கல் மாதிரி இருக்கிறாள். நான்தான் ஓடுகிறேன். அவள் தின்னாமல் நான் மட்டும் தின்பது எது என்று யோசித்தேன். மோர் அவளும் குடிக்கிறாள். மிச்சம் உன் பொட்டலம் ஒன்றுதான்.

அப்படி நினைத்ததற்கே என்னைத் திட்டிக்கொண்டேன். மைதா கிழங்கு மாவுதானே?

இங்கே குச்சிக்கிழங்கைச் சீவிப் பாறையில் காயப்போட்டு இடிக்கிறார்கள். ஒரு பிடி மாவு கேட்டு வாங்கி, மாமாவுக்குப் பிசைந்து கொடுப்பது போலவே தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். அக்கா, அது இழுபடவே இல்லை! இழுத்தால் பொட்டென்று உடைகிறது. நம் மைதா ரப்பர் மாதிரி முழ நீளம் இழுக்குமே. அந்த இழுவை வேறு எதில் உண்டு? ரேஷன் கோதுமையை வாயில் போட்டு மென்று மென்று நானும் பக்கத்து வீட்டுக் கண்ணாயியும் ரப்பர் செய்வோமே, அதில்தான்.

உடனே பெருங்காயத்தை நிறுத்திவிட்டேன். வந்த புதிதில் தலை பிளந்ததும் வயிறு கட்டியதும் பழகிய கோதுமையைத் திடீரென்று விட்டதால்தான் போலிருக்கிறது. வாய்ப்புண் ஆறுகிறது. நேற்று ஓடைவரை நடந்துபோய்க் குளித்துவிட்டு வந்தேன்.

முந்தானை முடிச்சில் இருந்தது வெல்லம். எனக்குச் சோறு இறங்கவில்லையே என்று உதிர்த்திருக்கிறாள். தன் பிள்ளைகள் பார்த்தால் கேட்பார்கள் என்று ஒளித்திருக்கிறாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கோழிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிப் போடு" என்றாள். இப்போது அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன்.

மாவுக் கடையில், மைதா எதிலிருந்து வருகிறது என்று தயவுசெய்து கேள். நான் நினைப்பது சரியானால் மாமாவை அனுப்பாதே. நம் வீட்டுத் தரையெல்லாம் மைதாதானே அக்கா. உன் வீட்டை வேண்டாமென்று சொல்லவில்லை. எப்படி எழுதினாலும் அப்படித்தான் கேட்கிறது.

அம்சவேணி


ராசிபுரம்,
4-6-1965

என் கண்ணு அம்சாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் மருந்து வேலை செய்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அத்தை என்ற வார்த்தையைப் பார்த்ததும் கிழித்துப் போடப் போனேன். மாமாதான் பிடுங்கிக்கொண்டார்.

அவரோடு நானும் மாவுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் காளியண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கோதுமையில தவுட்டை நீக்கி அரைச்சா மைதாங்க. கிழங்கு மாவுன்னு ஆருங்க சொன்னாங்க?" என்றார். யார் சொன்னார்கள்? எல்லாரும் சொன்னார்கள். நான் உனக்குச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். விளக்கு மாடத்தில் மாவு. கிணற்றுக் கயிற்றில் மாவு. உன் தலையணையைத் தட்டினேன், அதிலிருந்தும் பறந்தது. நான் மலையிலிருக்கும் ராக்கம்மாளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மாமா மலையேறி வருகிறார், உன்னைக் கூட்டிவர அல்ல. உன் புத்தகங்களைத் துடைத்து வெயிலில் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். செம்மேட்டுப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பார்த்துப் பேசுவார். மாமாவுக்குப் பெருங்காயம் பிசைவதைத் தவிர வேறு தொழில் தெரியாது அம்சா. அதனால் இப்போதைக்கு நீ அங்கே, நாங்கள் இங்கே. ராக்கம்மாளுக்கு ஒரு வட்டு வெல்லம் வருகிறது. பிள்ளைகள் எதிரிலேயே உதிர்க்கச் சொல்.

தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு, அடுத்த வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மோந்து பார்த்தால் நம் வீட்டு வாசனை இராது. உறையை மைதாப் பசை போட்டு ஒட்டவில்லை. ஊசி நூலால் தைத்திருக்கிறேன். பார்த்துப் பிரி, கிழிந்துவிடப் போகிறது.

அக்கா