ஈசானிய மூலைத் தண்ணீர்

11 ஜூன் 2017

இன்றும் டீ கறுத்துப்போய்தான் வந்தது. பால் அதே பால், தூள் அதே தூள். தண்ணீர்தான் வேறு. சோறு மஞ்சள், வாளி சிவப்பு, டீ கறுப்பு. இவரிடம் சொன்னால், இரும்புச் சத்து உடம்புக்கு நல்லதாம். இந்த வீட்டுக்குப் போர்வெல் போட்டது இவர் அல்லவா, தண்ணீரைக் குறை சொன்னால் இவரையே சொன்ன மாதிரி. சுரங்கத்தில் முப்பது வருஷம் நிலத்தடி நீர் இறைக்கிற பம்பு பார்த்தவர். தண்ணீரைப் பற்றி இளவழகன் சாருக்குத் தெரியாதது உலகத்தில் கிடையாது!

ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி, கம்பெனி டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே இந்தச் சொந்த வீட்டுக்கு ஜனவரியில் வந்தோம். அங்கே பதினெட்டாம் பிளாக்கில் குழாயைத் திறந்தால் தண்ணீர். அது எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? எல்லாம் கம்பெனி பாடு.

விஷயத்துக்கு வருகிறேன். மகள் எழில் போன் பண்ணினாள். ஆவணியில் வளைகாப்பு முடித்துக் கையோடு இங்கே வந்துவிடுகிறாளாம். பிள்ளை பெற்று மூன்றாம் மாதம்வரை இருப்பாளாம். கல்யாணமாகிப் பூனாவுக்குப் போனதிலிருந்து சேர்ந்தாற்போல நாலு நாள் என்னோடு இருந்ததில்லை அவள். கிழக்கு அறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டேன். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று இவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

2 ஜூலை

மார்க்கெட் போனவள் அப்படியே பதினெட்டாம் பிளாக் பக்கம் நடந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸை இன்னும் யாருக்கும் ஒதுக்கவில்லை. முன்கதவில் பூட்டு. தோட்டத்துக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

எழில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு நேராக இந்தக் குழாயில்தான் வாய் வைப்பாள். டம்ளர் எதற்கு இருக்கிறது என்று தினமும் கத்துவேன். தலை, சட்டை எல்லாம் நனைந்து நிற்பாள். அந்தக் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தேன். கை கொஞ்ச நேரம் ஜில்லென்று இருந்தது.

அங்கிருந்து ஒடித்து வந்து நட்ட மருதாணிக் குச்சி இங்கே வாசலில் இடுப்பு உயரம் வந்துவிட்டது. வளைகாப்புக்கு அவள் இரண்டு கைக்கும் காணும்.

14 ஜூலை

எழில் பேசினாள். வயிற்றுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி இருக்கிறதாம்.

18 ஜூலை

இவருக்கு வயிற்றுப்போக்கு. ஆனி மாதத்திலிருந்து இது மூன்றாவது தடவை. சேத்தியாத்தோப்புக் கல்யாணத்தில் சாப்பிட்ட வடைதான் காரணம் என்கிறார். அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. எனக்கு ஏன் போகிறது?

மேற்கு வீட்டுச் சிங்காரவேலின் சின்னப் பெண்ணும் ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றிக்கொண்டு கிடக்கிறது. அவன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. லீவு போட்டால் சம்பளம் கிடையாது. அவன் மனைவி வீராயிதான் தனியாக அல்லாடுகிறாள். கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டர் அவளிடம் முதலில் கேட்டதே என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றுதானாம்.

27 ஜூலை

இவரிடம் சொல்லாமல் கடலூர் லேபில் பாட்டில் வாங்கி, நம் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்திருந்தேன். இன்று முடிவு வந்தது. குடிக்க லாயக்கில்லை. இரும்பு கிடக்கட்டும், அதைவிடப் பெரிய கோளாறு. மலத்தில் இருக்கிற கிருமி தண்ணீரில் இருக்கிறது. லேபில் இருந்த பெண், செப்டிக் டேங்க் போருக்குப் பக்கத்திலா என்று கேட்டாள். இல்லை, எங்கள் டேங்க் அந்தக் கோடி, போர் இந்தக் கோடி என்றேன். "பக்கத்து வூட்டுது எங்கம்மா இருக்குது?" என்றாள்.

தெரியவில்லை. யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள்?

28 ஜூலை

துணி காயப்போட மாடிக்குப் போனவள், கிழக்குப் பக்கம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

எங்கள் போர் வடகிழக்கு மூலையில். ஈசானிய மூலையில் தண்ணீர் இருந்தால் குடும்பம் விளங்குமாம். செப்டிக் டேங்க் வடமேற்கில், வாயு மூலையில். வரிசை முழுக்க ஒரே மேஸ்திரி, ஒரே வாஸ்து. சாமி கும்பிடாத இவர்கூட, நாளைக்கு விற்கிறபோது கேட்பார்கள் என்று மேஸ்திரி சொன்னதும் வாயை மூடிக்கொண்டார். அப்படியென்றால் கிழக்கு வீட்டுக் கொளஞ்சிநாதனின் வாயு மூலை எங்கே வரும்? எங்கள் ஈசானிய மூலையை ஒட்டித்தான். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் எங்கள் போர்க்குழாய், அந்தப் பக்கம் அவர்கள் டேங்க் மூடி.

இத்தனை நாள் எதைக் குடித்தேன்?

29 ஜூலை

இவர் லேப் காகிதத்தை எடுத்துக்கொண்டு கொளஞ்சிநாதன் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் பவர் ஹவுஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். பொறுமையாகக் கேட்டார். இவர் குரல் ஏற ஏற அவர் குரல் இறங்கியது.

"எங்கூட்டு டேங்கு ஒங்க போருக்குப் பக்கத்துல இருக்குது. சரிதான் சார். ஒங்க டேங்கு யாரு போருக்குப் பக்கத்துல இருக்குது? அதப் பாத்தீங்களா?"

இவர் காகிதத்தை மடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். நான் மறுபடி மாடிக்குப் போனேன். இந்தத் தடவை மேற்குப் பக்கம் பார்த்தேன். எங்கள் டேங்க் மூடிக்கு அந்தப் புறம் சிங்காரவேலின் போர்க்குழாய். அதற்குப் பக்கத்தில் கொடியில் அந்தச் சின்னப் பெண்ணின் கவுன் காய்ந்துகொண்டிருந்தது.

வீராயியிடம் போய்ச் சொன்னேன். கொதிக்க வைக்காமல் ஒரு வாய் கொடுக்காதே என்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "நீங்க என்னாக்கா பண்ணுவீங்க" என்றாள்.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

தண்ணீரைக் கும்பிடுகிற நாள். கேன் தண்ணீரில் சித்திரான்னம் செய்தேன்.

6 ஆகஸ்ட்

சொல்லிவிட்டேன்.

நாலு நாளாகப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கேன் தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றுதான் எழிலும் சொன்னாள், இவரும் சொன்னார். குடிக்கக் கேன், சரி. பல் விளக்க? பால் டம்ளர் கழுவ? பிறந்த பிள்ளைக்குத் தலைக்கு ஊற்ற? ஒரு சொட்டு வாய்க்குள் போகாமல் எந்தப் பிள்ளையைக் குளிப்பாட்ட முடியும்? வீராயியின் பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்ததுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

"நீ இங்க வரவேணாம்மா. ஒன் மாமியார் வூட்லயே இரு. நெல்லிக்குப்பத்துல தண்ணி நல்லா இருக்குது."

அப்புறம் சொன்னாள், "வேற யாராவது சொல்லியிருந்தா பரவால்லம்மா." வைத்துவிட்டாள்.

எம்பொண்ண எங்கூட்டுக்கு வராதன்னு நானே சொல்லிட்டேன். தலைப்பிரசவம். எந்தத் தாயாவது சொல்லுவாளா? வாய் எப்படி வந்துச்சி எனக்கு — அவ வரணும்னு எத்தன நாளு, எத்தன நாளு —

7 ஆகஸ்ட்

அவள் பேசவில்லை. கிழக்கு அறைக் கதவைச் சாத்தி வைத்தேன்.

20 ஆகஸ்ட்

காலையில் எழுந்து பார்த்தால் இவர் டேப்பை வைத்துக்கொண்டு வாசலை அளந்துகொண்டிருக்கிறார். செப்டிக் டேங்கைத் தெற்கே வாசல் பக்கம் மாற்றப்போகிறாராம். எந்தப் போருக்கும் தூரமான இடம் அது ஒன்றுதான். தெற்கு எமன் திசை, அங்கே குழி தோண்டலாமா என்று மேஸ்திரி இழுத்தார். எமன் வந்தால் அவனையும் ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கள் என்றார் இவர். ரொம்ப நாள் கழித்துப் பழைய இளவழகன்.

கொளஞ்சிநாதன் அசையாமல் நாம் மாற்றி நம் தண்ணீர் எப்படி நல்லதாகும் என்று கேட்டேன்.

"நம்ம தண்ணி ஆவாது, செவ்வந்தி. அந்தப் பாப்பா குடிக்கிற தண்ணி ஆவும்."

நியாயம்தான். மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தெற்கு வாசலில்தான் என் மருதாணி நிற்கிறது. ஊரான் பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும். என் பிள்ளைக்கு? இப்படி நினைக்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. நினைப்பும் போகவில்லை.

10 செப்டம்பர்

நெல்லிக்குப்பத்தில் வளைகாப்பு. சம்பந்தி கஸ்தூரியம்மாள் குறை வைக்கவில்லை. பெற்றவள் வீட்டுக்கு ஏன் அழைத்துப் போகவில்லை என்று வந்த பெண்கள் என் காதுபடவே கேட்டார்கள். ஆளாளுக்கு ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார்கள்.

குழி தோண்டுமுன் மருதாணிச் செடியை மொட்டையாக உருவி, நேற்று அரைத்து டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். எழில் இத்தனை நாளும் போனில் ஆமாம், இல்லை என்று மட்டும்தான் பேசினாள். டப்பாவைத் திறந்ததும் மோந்து பார்த்தாள்.

"பதினெட்டாம் பிளாக்குதாம்மா?"

ஆமாம் என்றேன். இரண்டு கையையும் நீட்டினாள். இட்டு முடிக்கும்வரை வளையல் சத்தம் போதுமாக இருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, சிவந்ததைப் பார்க்காமலே கிளம்பினேன். பெற்ற மகளைப் பார்க்க விருந்தாளி மாதிரி போய் வருகிறேன்.

5 டிசம்பர்

பெண் குழந்தை. இருவரும் சுகம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மூக்கு எழிலுடையது.

21 ஜனவரி 2018

போனில் பேத்தி படம் பார்க்கக் கொளஞ்சிநாதன் மனைவி பெரியநாயகி வந்தாள். பார்த்துவிட்டு, எப்போது கூட்டி வருவீர்கள் என்று கேட்டாள். நான் கிழக்குச் சுவரைப் பார்த்தேன். வேண்டுமென்று பார்க்கவில்லை. அவளும் பார்த்தாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

28 ஜனவரி

பொங்கலுக்குக்கூட எங்கள் பக்கம் திரும்பாத கொளஞ்சிநாதன் இன்று கேட்டில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "ஒங்க டேங்க மாத்துன மேஸ்திரி நம்பரு குடுங்க சார். எங்கூட்ல ஒரு வாரமா சாப்பாடு சரியில்ல" என்றார். இவர் பதற்றத்தில் இரண்டு தடவை தப்பாகச் சொல்லி, மூன்றாவது தடவை சரியாகச் சொன்னார்.

15 பிப்ரவரி

கிழக்கே கடப்பாரைச் சத்தம். வேலை ஓடவில்லை எனக்கு.

24 ஏப்ரல்

கொளஞ்சிநாதனின் பழைய டேங்கை லாரி விட்டு உறிஞ்சி, மண் போட்டு மூடினார்கள். எங்கள் போருக்குள் பிளீச்சிங் பவுடர் விட்டு நாள் கணக்கில் இறைத்தாயிற்று. இரும்புக்கு மாடியில் ஃபில்டர். போன மாதம் லேபில் கொடுத்த தண்ணீர் தேறவில்லை. இந்தத் தடவை கிருமி இல்லை என்று வந்தது. நம்பாமல் இன்னொரு பாட்டில் கொடுத்தேன். அதிலும் இல்லை.

எழிலுக்குப் போன் பண்ணி, "வாம்மா" என்றேன்.

12 மே

பதினொரு மணி பஸ்ஸில் வந்தார்கள். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். கனம். கழுத்து முழுக்க வியர்க்குரு. கிழக்கு அறையில் போட்டதும் மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தது.

எழில் பையை வாசலிலேயே போட்டுவிட்டாள். வெயிலில் வந்திருக்கிறாளே என்று உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். ஆளைக் காணோம். பின்பக்கம் போய்ப் பார்த்தால், குழாயடியில் குனிந்து, திறந்து, வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

சொம்போடு நின்றேன். அவள் குடித்துக்கொண்டே இருந்தாள்.

தலை நனைகிறது பார், என்று மட்டும் சொன்னேன்.